பல்லிச்சுவரும் பிரமு மதினியும்

எங்க ஊர்ப் பூங்காவுல பல்லிச்சுவரு கட்டினப்போ அது ரெண்டாள் உசரந்தான் இருந்துச்சு, நானே என் கண்ணால பாத்திருக்கேன், அதோட மேல் விளிம்புல ஒரு காக்கா உக்காந்து எங்களைக் கேவலமாப் பாத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கு. இன்னைக்கு அது எவ்வளவு உசரம்னு கேட்டா, அளந்து சொல்லக் கயிறு இந்த ஊர்ல கிடையாது. சிமெண்டுச் சுவத்துல சிவப்பும் மஞ்சளும் பச்சையுமா, புடிகொழுக்கட்டை மாதிரி எதையோ அங்கங்க பதிச்சு வச்சிருப்பாங்க, அதைப் புடிச்சு, அதுலயே மிதிச்சு ஏறணும், விழுந்தா கீழ மணல். போர்டுல அதுக்கு என்னமோ இங்கிலீஷ்ல பேரு எழுதியிருந்துச்சு. ஆனா ஏறப்போனவங்க எல்லாரும் வயித்தைச் சுவத்தோட ஒட்டி, கையையும் காலையும் பரப்பிக்கிட்டு, மேலயும் போக முடியாம கீழயும் வர முடியாமக் கிடந்ததைப் பாத்துட்டு எங்க சனம் பல்லிச்சுவருன்னு பேரு வச்சது, அந்தப் பேருதான் நின்னுச்சு.

எங்க அண்ணன் ஆதிலிங்கம் மின்சார ஆபீசுல போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். கம்பத்துல ஏறுன ஆளுன்னு நெனைச்சுராதீங்க. கம்பத்தடியில நின்னு, தலையை அண்ணாந்து, "வலதுகாலை எடு, இடதுகையை மாத்து, கீழ பாக்காதலே"ன்னு ஏறுறவனுக்குச் சொன்ன ஆளு. சர்வீஸ் பூராவும் அப்படி நின்னதுல கழுத்து கொஞ்சம் பின்னால சாஞ்சு, ஒரு ராஜா தோரணை வந்துருச்சு, அந்தத் தோரணைக்கு எங்க வீட்டுல பூனை கூடப் பயந்ததில்லை. மதினி பேரு பிரம்மசக்தி, எல்லாருக்கும் பிரமு. நான் அண்ணனுக்கு நேர் இளையவ, சந்தனம். என் வீட்டுக்காரரு தவறின பிறகு அண்ணன் வீட்டு மாடியிலதான் இருக்கேன், அன்னையில இருந்து எனக்கும் மதினிக்கும் ரசத்துக்குப் புளி கரைக்கிறதுல ஆரம்பிச்சு கொடியில சேலை காயப் போடுற வரைக்கும் எல்லாத்துலயும் சண்டைதான், சண்டை சத்தம் கேக்கலைன்னா ரெண்டு பேருல ஒருத்திக்குக் காய்ச்சல்னு தெரு முடிவு பண்ணிக்கும்.

பூங்காவுக்குப் போறதுன்னு வந்தது மாப்பிள்ளையாலதான். அண்ணன் மக சுபாஷினியைக் கட்டியிருக்கிற கவின்ராஜ் சென்னைக்காரப் பிள்ளை. தலைதீபாவளிக்கு வந்தவரு பலகாரத்தைத் தின்னமா தூங்கினமான்னு இருக்காம, சாப்பாட்டுக்கு நடுவுல, "நாங்க லீவு நாள்ல சுவரேறப் போவோம் மாமா, உடம்புக்கு நல்லது"ன்னு ஒரு வார்த்தையை விட்டுட்டாரு. அண்ணன் சோத்தைப் பிசையுறதை நிறுத்தினான். "ஏன், எங்க ஊர்ல சுவரு இல்லியோ?"ன்னு கேட்டான். அவ்வளவுதான், வர்ற ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட படையெடுப்புன்னு முடிவாயிருச்சு.

படையெடுப்புன்னா சும்மா இல்லை. ஞாயித்துக்கிழமை ராகுகாலம் சாயங்காலத்துல வரும், அதுக்கு முந்தி வாசல் தாண்டணும்னு அண்ணன் சொன்னதால, ஐப்பசியில அடிக்கவே கூடாத வெயில்ல, தூக்குவாளி நெறைய புளியோதரை, டப்பா நெறைய முறுக்கு, பிளாஸ்க்குல சுக்குக்காப்பி, ஜமுக்காளம், குடை, சுளுக்கு விழுந்தாத் தடவத் தைலம், இதையெல்லாம் நானும் மதினியும் சுமக்க, அண்ணன் புதுசா வாங்கின கேன்வாஸ் ஷூவும், பேண்ட்டும், பேண்ட்டுக்கு மேல பழக்கதோஷத்துல தோள்ல ஒரு துண்டுமாப் போட்டுக்கிட்டு, கோட்டையைப் புடிக்கப் போறவன் கணக்கா முன்னால நடந்தான். சுபா தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்தா. எதிர்வீட்டு லூர்து அக்கா வாசல்ல நின்னவ எங்க சுமையைப் பாத்துட்டு, "என்ன அண்ணாச்சி, ரொம்பத் தூரமா?"ன்னு கேட்டா. அண்ணன், "இந்தா, பூங்கா வரைக்கும்"னான். "போயிட்டு வாங்க"ன்னா.

எங்க பக்கத்துல அப்படித்தான் கேக்கணும். கெளம்பி நிக்கிறவங்களைப் பாத்து எங்க போறீங்கன்னு கேட்டுட்டா போற காரியம் வெளங்காது. அதனால ரொம்பத் தூரமான்னு கேட்டு, அவங்க பக்கத்துலதான்னோ, ஆமா மதுரைக்குன்னோ சொன்ன பிறகு, கேட்டவங்களே போயிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பணும், அதுதான் மொறை. எங்க வீட்டுல அந்த வேலை மதினியோடது. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து ஈரக்கையைச் சேலைத் தலைப்புல தொடச்சிக்கிட்டே வாசலுக்கு வந்து, ஆபீசுக்குப் போற அண்ணனை, காலேஜுக்குப் போற மகளை, பேங்குக்குப் போற என்னை, பெறகு ஒரேயடியாச் சென்னைக்குப் போன மகளை, எல்லாரையும் ரொம்பத் தூரமான்னு கேட்டு அனுப்பி வச்சவ அவ. அவளை யாரும் கேட்டதில்லை. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் போறவளைப் பாத்து யாரு அப்படிக் கேப்பா?

பூங்காவுல மொதல்ல மாப்பிள்ளை ஏறினாரு. கையில பவுடர் எல்லாம் பூசிக்கிட்டு விறுவிறுன்னு பாதி வரைக்கும் போனவரு, அங்க ஒரு பச்சைக் கொழுக்கட்டை கைக்கு எட்டாம, பல்லியா ஒட்டிக் கிடந்து, "இந்தச் சுவரு ஒழுங்காக் கட்டலை மாமா"ன்னு சொல்லிட்டு மணல்ல குதிச்சாரு. அண்ணன் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தான். முண்டி முக்கி, சாமி பேரையெல்லாம் சொல்லி, ஆளுசரத்துக்கு ஏறி, அங்க இருந்த சிவப்புக் கொழுக்கட்டையில வெற்றிக்கொடி மாதிரித் தன் துண்டைச் சுத்திவிட்டான், சுத்தின கையோட முட்டி புடிச்சுக்கிட்டது. பூங்கா வாட்ச்மேன் சேர்மக்கனி வந்து, அண்ணனை இடுப்போட அணைச்சு, பந்தக்கால் எறக்குற மாதிரி எறக்கி வச்சாரு. துண்டு மேலயே தங்கிருச்சு. அது மாப்பிள்ளை வீட்டுல தட்டுல வச்சுக் கொடுத்த துண்டு, மாப்பிள்ளை முன்னாலயே அதை விட்டுட்டா போக முடியும்?

"இருங்க, நான் எடுத்தாரேன்"னு மதினி எழுந்திரிச்சா. செருப்பைக் கழட்டி ஜமுக்காளத்து ஓரத்துல வச்சா, போனை என்கிட்டக் கொடுத்தா, பச்சைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டா, மஞ்சள் கொழுக்கட்டையில ஒரு காலை வச்சா. அண்ணனுக்கு மாப்பிள்ளை முன்னால போன மானத்தை எதையாவது பேசி மீக்கணும்னு இருந்திருக்கும். கீழ நின்னு, கழுத்தைச் சாச்சு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "என்ன பிரமு, ரொம்பத் தூரமா?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சோம். பொய் சொல்வானேன், நான்தான் அதிகமாச் சிரிச்சேன்.

மதினி சிரிக்கலை. தலையைத் திருப்பி அண்ணனைப் பாத்தா. அப்படி ஒரு மொகத்தை நான் அவகிட்ட அதுவரைக்கும் பாத்ததில்லை. பொழுதுக்கும் பந்தியில பரிமாறிக்கிட்டே நின்னவளைப் பாத்து யாரோ ஒருத்தரு, நீ சாப்டியாம்மான்னு கேட்டா எப்படி ஒரு மொகம் வரும், அப்படி. "ஆமா, ரொம்பத் தூரந்தான்"னா.

துண்டை எடுத்துக் கீழ போட்டா, அது அண்ணன் தலையில விழுந்துச்சு. அண்ணன் அதை எடுக்கிறதுக்குள்ள மதினி அடுத்த கொழுக்கட்டைக்குப் போயிட்டா, அதுக்கடுத்ததுக்கும் போயிட்டா, மாப்பிள்ளைக்கு எட்டாத பச்சையில மிதிச்சு ஏறி, சுவரு முடியுற எடத்துல கையை வச்சா, அங்க சுவரு முடியலை. சிவப்பு ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு மேல மஞ்சள் இருந்துச்சு, அதுக்கு மேல பச்சை. சுவரு வளந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன், வளந்தாச் சத்தம் கேக்கும், சிமெண்டு உதிரும், ஒண்ணும் இல்லை. அவ கை போற எடத்துலயெல்லாம் சுவரு இருந்துச்சு, அம்புட்டுதான். காக்கா பறந்து வேற எடம் பாத்துப் போச்சு. அண்ணன் எறங்கு எறங்குன்னு கத்தினான், சுபா அம்மா அம்மான்னு அழுதா, மதினி "இந்தா வாரேன், இந்தா வாரேன்"னு சொல்லிக்கிட்டே, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோயில் கோபுரத்துக்குச் சமமா ஏறிட்டா. நாங்க புளியோதரையைத் திறக்கவே இல்லை.

சேர்மக்கனிக்கு வந்த கவலை வேற. பூங்காவைப் பூட்டணும், உள்ள ஆளை வச்சுப் பூட்டக் கூடாதுன்னு உத்தரவு. ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "அம்மா பூங்காவுக்கு உள்ள இல்லை, மேலதான் இருக்காங்க"ன்னு சொல்லிப் பூட்டிட்டுப் போனாரு. மறுநாள் வந்த போலீஸ்காரரும் அந்த நியாயத்தை ஒத்துக்கிட்டாரு.

அதுக்கப்புறம் ஊரு தன்னைச் சரிபண்ணிக்கிட்டது. சனத்துக்கு எது வந்தாலும் கொஞ்ச நாள்தான், பெறகு அதுக்கும் ஒரு நேரம், ஒரு வரிசை, ஒரு சண்டைன்னு ஏற்பாடாயிரும். மதினி எவ்வளவு உசரம் போனாலும் சுவத்துல காதை வச்சா அவ பேசுறது அடுத்த வீட்டுல பேசுற மாதிரிக் கேட்டுச்சு, வாயை வச்சுப் பேசினா அவளுக்கும் கேட்டுச்சு. அண்ணன்கிட்ட வேலை பாத்த லைன்மேன் பசங்க வந்து நீளமான கழியில நூலை ஏத்தி, நூல்ல கயித்தை ஏத்தி அவ கையில சேத்தாங்க, அதுல தெனமும் டிபன் கேரியர் மேல போச்சு. அவ ஏற ஏறக் கயிறு போதாமப் போக, போர் போட்ட பிறகு சும்மா கிடந்த கிணத்துக் கயிறையெல்லாம் வீட்டுக்கு வீடு கொண்டாந்து கொடுத்தாங்க, அதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சு நீட்டினோம். தூக்கத்துக்கு என்ன செய்யுறீங்க மதினின்னு கேட்டேன். "பஸ்ல நின்னுக்கிட்டே தூங்குறதில்லையா, அப்படித்தான்"னா.

மொதல்ல பலன் கண்டவ லூர்து அக்காதான். அவளுக்குத் தீப்பெட்டி ஆபீசுல வேலை, மருந்து முக்கின குச்சி களத்துல காஞ்சுக்கிட்டிருக்கும், திடீர்னு மழை வந்தா அத்தனையும் பாழ். ஒருநாள் சுவத்தடியில நின்னவளை மதினி கூப்பிட்டு, "லூர்து, கிழக்க எட்டயபுரத்துக்கு அந்தாண்ட மழை எறங்கிருச்சு, ஓடிப்போய்க் குச்சியை அள்ளச் சொல்லு"ன்னா. அள்ளி முடிச்சதும் மழை வந்துச்சு. அன்னையில இருந்து டிவியில மழையைப் பத்திச் சொல்றவங்களை எங்க ஊர்ல ஒருத்தரும் மதிக்கிறதில்லை, களத்துக்கு ஒரு ஆளு சுவத்துல காதை வச்சபடியே நின்னாங்க.

பெறகு லாரிக்காரன் பொண்டாட்டி வந்தா, அவ வீட்டுக்காரன் எங்க வாரான்னு கேட்டா. பெறகு பிள்ளைகளைப் பெத்தவங்க வர ஆரம்பிச்சாங்க. திருப்பூருக்குப் போன மகன், சார்ஜாவுக்குப் போன மகன், ஐதராபாத்துல கட்டிக் கொடுத்த மக; எல்லாரும் போன்ல தெனம் பேசுற பிள்ளைகதான், வீடியோவுல மொகத்தைக் காட்டுற பிள்ளைகதான், ஆனா போன்ல நல்லாருக்கேன்னுதானே சொல்லுவாங்க, மதினி சொன்னது அவங்க சொல்லாததை. "ஒம் மகன் மொட்டைமாடியில நின்னு துணி காயப் போடுதான். நீலச் சட்டை. கழுத்தெலும்பு தெரியுது, சாப்பாடு சரியில்லை போல. பாட்டுப் பாடிக்கிட்டேதான் நிக்கான், கவலைப்படாத"ன்னு சொல்லுவா, கேட்டவ கண்ணைத் தொடச்சிக்கிட்டுச் சுவத்தைத் தடவிக் கொடுத்துட்டுப் போவா. வேலை விஷயமாத் தூத்துக்குடிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போன ஒரு ஆளு சாத்தூர்ல எந்த வீட்டு ஊஞ்சல்ல ஆடிக்கிட்டிருந்தான்னு அவன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுபோக, இந்தச் சுவத்தை உடனே இடிக்கணும்னு அந்த ஆளு மட்டும் ஊரெல்லாம் பேசிக்கிட்டுத் திரிஞ்சான், யாரும் கண்டுக்கலை.

சுவத்துல குங்குமம் வச்சு, மாலை போட்டு, கற்பூரம் கொளுத்தி மதினியைச் சாமியாக்கவும் பாத்தாங்க. ஒரு கூட்டம் எண்ணெய்க் காப்பு சாத்த வந்துருச்சு. மதினி மேல இருந்து போட்ட சத்தத்துல எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டாங்க. "எண்ணெயைத் தடவினா வழுக்கி விழுவேன், அறிவு கெட்டவங்களா, இருக்கிற சாமியை மொதல்ல கும்பிடுங்க"ன்னா. அந்த வசவைக் கேட்டப்போ எனக்குப் பொறாமையா இருந்துச்சு. வசவு எனக்குன்னு இருந்தது, இப்ப ஊருக்குப் போயிருச்சு.

வீட்டைப் பத்திச் சொல்லணும்னா, அது வீடாவே இல்லை. நான் ரசத்துக்குப் புளியை என் இஷ்டத்துக்குக் கரைச்சேன், கேக்க ஆளில்லை. கொடி பூராவும் என் சேலையாக் காயப் போட்டேன், நகத்த ஆளில்லை. இத்தனை வருஷமா எந்தச் சண்டையில ஜெயிக்கணும்னு நெனைச்சேனோ அத்தனையிலயும் ஒரே நாள்ல ஜெயிச்சுட்டு, அடுப்படியில உக்காந்து ஓன்னு அழுதேன். மதினி வேணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்லை, அவ எறங்கி வந்து, இது ரசமா கழுநீராடின்னு கேட்டாப் போதும்னு இருந்துச்சு.

அண்ணன் சுவத்தடியே கதின்னு கிடந்தான். மொதல்ல உத்தரவு போட்டான், பெறகு மெரட்டினான், பெறகு உறவுக்காரப் பெரியவங்களைக் கூட்டியாந்து பேச வச்சான், அவளுக்குப் புடிச்ச கருவாட்டுக் குழம்பை வாசம் மேல போற மாதிரி சுவத்தடியிலயே காய்ச்சச் சொன்னான். மதினி எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் சொன்னா. "எனக்கு வர ஆசையில்லைன்னா நெனைக்கீங்க? நல்லாத்தான் இருக்கு இங்க. வாசல்ல நின்னு அனுப்பிவிட்டவங்க எல்லாம் எங்க போறாங்கன்னே தெரியாம இருந்தேன், இப்பத்தான் ஒவ்வொரு எடமாப் பாக்கேன். ஆனா ஒங்களைப் பாக்காம இருக்கவும் முடியலை. எறங்கலாம்னு காலைக் கீழ விட்டா, மிதிக்கிறதுக்கு ஒண்ணுமில்லைங்க. மேல மட்டுந்தான் கொழுக்கட்டை இருக்கு. கீழ வழவழன்னு கிடக்கு." நாங்க கிட்டப் போய்ப் பாத்தோம். உண்மைதான். அவ ஏறிப்போன வழியில ஒரு கொழுக்கட்டை கூட இல்லை, சிலேட்டைத் தொடச்ச மாதிரி இருந்துச்சு.

லீவுக்கு மேல லீவு போட்டுப் பாத்த மாப்பிள்ளையும் சுபாவும் ஒருநாள் ஊருக்குக் கெளம்ப வேண்டியதாப் போச்சு. ரயில் ஏத்திவிட நானும் அண்ணனும் ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி நகர்றப்போ அண்ணன் சன்னல் கம்பியைப் புடிச்சு நடந்துக்கிட்டே, "போயிட்டு வாங்க, மாப்ள. போயிட்டு வாம்மா"ன்னு சொன்னான். அப்பத்தான் எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. பிளாட்பாரத்துலயே அண்ணன் கையைப் புடிச்சு நிறுத்தினேன்.

"அண்ணே, அன்னைக்கு மதினிகிட்ட நீ ரொம்பத் தூரமான்னு கேட்டேல்ல?"

"கேட்டேன். அதுக்கென்ன?"

"ஆமான்னு சொன்னாங்கல்ல?"

"சொன்னா."

"அதுக்கப்புறம் போயிட்டு வான்னு சொன்னியா?"

அண்ணன் சொல்லலை. யாருமே சொல்லலை. சிரிச்சோம், பெறகு எறங்கு எறங்குன்னு கத்தினோம். கேட்டதைப் பாதியில விட்டுட்டா வர்றவளுக்கு வழி எங்க இருக்கும்?

நான் நேரா பூங்காவுக்கு ஓடி, சுவத்துல வாயை வச்சு, "மதினி, போயிட்டு வாங்க"ன்னேன். மேல அவ காலை விட்டுப் பாத்திருப்பா. "நீ சொன்னாப் பத்தலை சந்தனம். கேட்டவருதான் சொல்லணும்"னா.

ஆனா பின்னாலயே வந்து சேந்த அண்ணன் சொல்லமாட்டேன்னுட்டான். வறட்டுக் கௌரவம்னு நெனைச்சு நான் நாலு வார்த்தை நல்லாக் கேட்டேன். அதெல்லாம் இல்லை. நின்ன எடத்துலயே உக்காந்து, பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கிட்டு, என் மொகத்தைப் பாக்காமச் சொன்னான்: "அந்த வார்த்தையில 'போ'ங்கிறதுதான சந்தனம் மொதல்ல வருது. போன்னு நானே சொல்லி, அவ அதை மட்டும் கேட்டுட்டுப் போயிட்டான்னா? 'வா'ங்கிறது அவளுக்குக் கேக்காமலே போயிட்டான்னா நான் என்ன செய்வேன்?" அறுபது தாண்டின ஆளு. சின்னப்பிள்ளை சாமான் தொலைச்சிட்டு நிக்கிற மாதிரி இருந்தான். எனக்கு அதுக்கு மேல திட்ட வரலை.

அப்புறம் கொஞ்ச நாள் வார்த்தையில பாதியை மட்டும் சொல்லிப் பாத்தான். சுவத்துல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு, வா, வா பிரமு, வந்துரு, வாயேன், வரமாட்டியான்னு காலையில இருந்து பொழுதடையுற வரைக்கும் சொன்னான், தொண்டை கட்டுற வரைக்கும் சொன்னான். டியூஷனுக்குப் போற பிள்ளைகள் எல்லாம் அதைப் பாட்டாவே பாடிச்சுக. மதினி ஒவ்வொரு வாவுக்கும் காலை விட்டுப் பாத்துட்டு, "இல்லைங்க, மிதி இல்லை"ன்னு சொல்லிக்கிட்டிருந்தா. அவ குரல்ல கோவம் இல்லை. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு, கோவப்படாத மதினியை எனக்குத் தெரியாது.

மார்கழி வந்துச்சு. பச்சைச் சேலை மேல ஒரு வெத்திலை அளவுக்குத் தெரிஞ்சது, பெறகு வெத்திலைக் காம்பு அளவுக்குத் தெரிஞ்சது. ஊர்ல கயிறு தீந்துபோச்சு. கிணத்துக் கயிறு, கொடிக்கயிறு, மாட்டுக்கயிறு, திருவிழாப் பந்தல் கயிறு எல்லாத்தையும் முடிஞ்சாச்சு, அதுக்கு மேல நீட்ட ஒரு முழம் கிடையாது. ஒருநாள் காலையில கேரியரைக் கட்டப் போனோம், கயித்து முனை எங்க கைக்கு எட்டாத உசரத்துல தொங்குச்சு, கேரியர் தரையிலயே நின்னுருச்சு. திறந்து பாத்தேன், இட்லி வச்சது வச்சபடி சூடா இருந்துச்சு. அண்ணன் அதைப் பாத்தான். நேரா வீட்டுக்குப் போனான்.

குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி, நெத்தியில திருநீறு பூசி, கல்யாணத்துக்குப் போறவன் மாதிரித் திரும்பி வந்தான். சுவத்துல காது வச்சிருந்தவங்க எல்லாம் ஒதுங்கினாங்க. சேர்மக்கனி ராத்திரி மழைக்குத் தரையில போட்டிருந்த சாக்கை எடுத்துட்டு அவன் நிக்கிற எடத்தைக் கூட்டிவிட்டாரு. லூர்து அக்கா சிலுவை போட்டுக்கிட்டா. அண்ணன் கழுத்தைப் பின்னால சாய்க்கலை, நெத்தியைச் சுவத்துல வச்சுக் குனிஞ்சான்.

"பிரமு, நான் கிண்டலுக்குக் கேட்டேன். நீ நெசமாச் சொன்ன. ரொம்பத் தூரம்னு சொன்ன. எனக்குத்தான் காதுல ஏறலை. எங்க எங்க போகணும்னு ஆசை இருக்கோ, எல்லாத்தையும் பாத்துட்டு..." நான் அவன் முதுகுல கையை வச்சேன். மிச்சத்தையும் சொன்னான். "போயிட்டு வா."

சுவத்துக்குள்ள அவ சேலை உரசுற சத்தம் கேட்டுச்சு. பெறகு மதினி, யாரோ அவ கையில ஒரு பச்சைப்பிள்ளையைக் கொடுத்த மாதிரி, ரொம்ப மெதுவா, "இருக்குங்க"ன்னா. "கால் வைக்க எடம் இருக்கு." மேல இருந்து ஒண்ணொண்ணா, சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு கொழுக்கட்டைகள் சுவத்துல வந்துக்கிட்டே இருந்துச்சு, வந்து, வந்து, கடைசியா அண்ணன் முட்டிக்கு நேரா ஒரு மஞ்சள் வந்து நின்னுச்சு. சனம் குலவை போட்டது. அண்ணன் அந்த மஞ்சளைத் தொட்டுத் தொட்டுப் பாத்து அழுதான், வெக்கமே படாம அழுதான்.

"எறங்கி வாங்க மதினி, நான் இட்லியைச் சூடு பண்ணுதேன்"னு நான் கத்தினேன்.

மதினி அண்ணனுக்குத்தான் பதில் சொன்னா. "ஏங்க, இப்ப எப்ப வேணும்னாலும் எறங்கலாம்னு ஆயிருச்சுல்ல? இத்தனை நாளும் எறங்க முடியாதுங்கிற பயத்துலதான் நான் ஒண்ணையும் சரியாப் பாக்கலை. இப்பப் பயம் விட்டுப்போச்சு. வடக்க ஏதோ ஆறு போகுது, பேரு தெரியலை, அகலமான்னா அகலம், அக்கரை தெரியலை. அதைக் கொஞ்சம் பாத்துட்டு வாரேன்."

நான் அண்ணனைப் பாத்தேன். கத்துவான்னு நெனைச்சேன், விழுந்து புரளுவான்னு நெனைச்சேன். அவன் துண்டால மொகத்தைத் தொடச்சிக்கிட்டு அண்ணாந்து பாத்தான். "பாத்துட்டு வா. அவசரமில்லை. வலதுகையால நல்லாப் புடிச்சுக்கோ"ன்னான். வெத்திலைக் காம்பு அசைஞ்சது. கொஞ்ச நேரத்துல வெயில்ல கண்ணு கூசி, அது இருக்கா இல்லையான்னே தெரியலை.

சனம் கலைஞ்சு போனதும் நான் சுவத்துல வாயை வச்சு, "எனக்கு நீங்க இல்லாம இருக்க முடியலை மதினி"ன்னு சொன்னேன். ஜென்மத்துல அவகிட்ட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "தெரியும் சந்தனம்"னா, அம்புட்டுதான் சொன்னா. நான் கேரியரை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த இட்லியை அண்ணனுக்கு வச்சேன், நானும் ரெண்டு தின்னேன். தின்னு முடிச்சுக் கை கழுவுறப்போதான் எனக்குக் கோவம் வந்துச்சு, வந்தது இன்னும் அடங்கலை. ஒரே அடுப்புலதான் கிடந்தோம் ரெண்டு பேரும், ஊர்ல யாரோட பிள்ளை எங்க நிக்கான்னு ஊருக்கே சொல்லத் தெரிஞ்சவளுக்கு, கீழ நின்னு வாயைப் பொளந்துக்கிட்டு அவ சொல்றதையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்த எனக்கும் அந்த ஆத்தைப் பாக்கணும்னு இருக்கும்னு தெரியாமலா போச்சு? நீயும் வாரியா சந்தனம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.